வேக ஆர்சி காரிலிருந்து டாங்கிக்கு மாறும்போது: உடைவதெல்லாம் திருப்பத்தில்தான்

ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரில் ஏதாவது உடைந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேகமாகப் போய் எதிலோ மோதியிருக்கும், இல்லையென்றால் குதித்துத் தப்பாக இறங்கியிருக்கும். ரிமோட்டில் ஓடும் மாடல் டாங்கி அப்படியில்லை. சுவரில் முட்டினாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் வெறும் சமதளத்தில், ஓர் அடிகூட முன்னேறாமல், நின்ற இடத்திலேயே திரும்பும்போது கியரின் பல் போய்விடும். காரில் கைதேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே டாங்கியைப் பிரித்துப்போட்டு உட்கார்வது இதனால்தான்.

காரின் சக்கரம் திரும்பும்போதும் உருண்டுகொண்டுதான் இருக்கும். டாங்கியின் டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இணைப்புப் பட்டை, அப்படி உருள முடியாது. தரையில் பதிந்திருக்கும் நீளம் முழுவதும் பக்கவாட்டில் இழுபட்டால்தான் வண்டி திரும்பும். இரண்டு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் சுழன்றால் அந்த இழுவை உச்சத்துக்குப் போகிறது. பேட்டரியிலிருந்து அதிக மின்சாரம் போவதும், கியரில் அதிக அழுத்தம் விழுவதும் அந்த ஒரு நொடியில்தான். காரில் வேகம் போதவில்லையென்றால் வோல்டேஜைக் கூட்டுவோம், பெரிய பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் கியர்) போடுவோம். அதே வைத்தியத்தை டாங்கிக்குச் செய்தால் உடையப்போவது சீக்கிரமே உடையும். இங்கே தேவை கியர் குறைப்பு, சரியான டிராக் இழுவிசை, பொறுமையான கட்டைவிரல். மூன்றில் கடைசியைத்தான் கடையில் வாங்க முடியாது.

எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும்?

"மெதுவாக" என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் கார் பழக்கம் ஏமாற்றிவிடும். கணக்குப் போட்டுவிடுவது நல்லது. உண்மையான டாங்கியின் வேகத்தை அளவு விகிதத்தால் வகுத்தால் மாடலின் வேகம் கிடைக்கும். டைகர் 1 சாலையில் மணிக்குச் சுமார் 38 கி.மீ. ஓடியது. 1/16 அளவில் அது மணிக்கு 2.4 கி.மீ., அதாவது நொடிக்கு 66 செ.மீ. கரடுமுரடான நிலத்தில் சுமார் 20 கி.மீ. என்று வைத்தால் நொடிக்கு 35 செ.மீ. மட்டுமே. டி-34 சாலையில் 53 கி.மீ.; மாடலுக்கு நொடிக்கு 92 செ.மீ. இன்றைய லெப்பர்ட் 2 68 கி.மீ. ஓடும், மாடலுக்கு நொடிக்கு 118 செ.மீ.

தரையில் 3 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போட்டு, ஓடிவரும் டாங்கி அதைக் கடக்கும் நேரத்தை அளந்து பாருங்கள். டைகர் முழு வேகத்தில் நாலரை நொடி எடுக்க வேண்டும். டி-34 சுமார் 3.3 நொடி, லெப்பர்ட் 2 இரண்டரை நொடி. டைகர் 3 நொடிக்குள் கடந்துவிட்டால் அதன் கியர்பாக்ஸ் வேகத்துக்காகச் செய்தது. திருப்பத்தில் அது திணறும். ஹெங் லாங் நிறுவனத்தின் மாடல்களுக்குக் கிடைக்கும் கியர்பாக்ஸ்களில் 3:1, 4:1, 5:1 என்று விகிதம் போட்டிருக்கும். எண் கூடக்கூட வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். கனமான உலோக டாங்கிக்கு 4:1 அல்லது 5:1 போடுங்கள். 3:1 எடையில்லாத வண்டிக்குத்தான் ஒத்துவரும்.

எதில் தொடங்குவது?

1/16 அளவில் தொடங்குங்கள். டைகர் 1 பீரங்கிக் குழலோடு சேர்த்து 8.45 மீட்டர், 1/16-இல் 53 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் வரும். வீட்டுக்குள்ளும் ஓட்டலாம், வெளியிலும் ஓட்டலாம். மாற்றுப் பாகங்கள் அதிகம் கிடைப்பதும் இந்த அளவுக்குத்தான். 1/24, 1/35 மாடல்கள் மேசைமேல் ஓட்ட அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் டிராக்கின் இழுவிசையைக்கூட மாற்ற முடியாது.

ஹெங் லாங், டைகன் போன்றவை பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும். டாமியாவின் 1/16 வரிசையில் கட்டிச் சேர்க்கும் கிட் உண்டு. காரைக் கிட்டாக வாங்கிக் கட்டியவர்களுக்கு டாமியா பழகிய உலகமாக இருக்கும்.

எந்த டாங்கி என்பதில் ஆசைக்கு வழிவிடலாம், ஆனால் சக்கர அமைப்பை ஒரு முறை பார்த்துவிட்டு. டைகர், பாந்தர் இரண்டிலும் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். இடையில் சிறு கல் சிக்கினால் உள்ளே இருப்பதை எடுக்க வெளிச் சக்கரங்களைக் கழற்ற வேண்டும். சரளைக் கல்லும் மணலும்தான் உங்கள் ஓட்டுமிடம் என்றால் டி-34, ஷெர்மன், ஏப்ரம்ஸ் ஆகியவை தொல்லை குறைவு. வீட்டுத் தரையும் புல்லும் என்றால் டைகரே நல்ல தொடக்கம்: நீளத்துக்கு ஏற்ற அகலம் உண்டு, எளிதில் திரும்பும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் வண்டி திரும்பத் தகராறு செய்யும்.

பிளாஸ்டிக்கா, உலோகமா? முதல் டாங்கிக்கு நல்ல சேர்க்கை இதுதான்: உலோக கியர்பாக்ஸ், பிளாஸ்டிக் டிராக். பிளாஸ்டிக் டிராக்கைப் பலர் மட்டமாக நினைப்பார்கள். அது எடையில்லாதது, சத்தமில்லாதது, தரையைக் கீறாது, கியருக்கும் சுமை தராது. பிறகு உலோகத்துக்குப் போக விரும்பினால் வரிசை தவறக் கூடாது. முதலில் கியர்பாக்ஸ், அடுத்து ஸ்ப்ராக்கெட்டும் (டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்) ஐட்லரும் (மறுமுனையில் டிராக்கைத் தாங்கும் சக்கரம்), அதற்குப் பிறகு டிராக், கடைசியில் தரைச் சக்கரங்கள். பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டின்மேல் உலோக டிராக்கை மாட்டினால் பற்களை அரம் போல அராவித் தின்றுவிடும். ஐட்லர் பொருந்தும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால் உலோக டிராக்கின் இழுப்பில் உள்நோக்கி வளையும். உட்புறம் ஒரு உலோகத் தகடு வைத்து முட்டுக் கொடுங்கள்.

கார் பெட்டியிலிருந்து எது உதவும்?

சார்ஜரும் சாலிடரிங் கருவியும் அப்படியே வரும். 2எஸ் (இரண்டு செல்) பேட்டரியும் வரலாம், உள்ளே நுழைந்தால். காரின் கடினக் கூடுள்ள 2எஸ் பேட்டரி சுமார் 138 மி.மீ. நீளம், பல டாங்கிகளின் பேட்டரி அறை அதைவிடச் சிறியது. ஆகவே முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள். பிளக் மாற்றிக் கட்டும்போது சிவப்பு, கறுப்பு ஒயர்களை மீட்டர் வைத்துச் சரிபாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் டாங்கியை இயக்கும் மின்சுற்றுப் போர்டு அந்த நொடியே போய்விடும். 3எஸ் பேட்டரியைப் போர்டு தாங்கும் என்று அதன் தாளில் எழுதியிருந்தால் ஒழியப் போடாதீர்கள்.

ஒரு முக்கியமான வித்தியாசம். காரின் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), லைப்போ பேட்டரியின் வோல்டேஜ் தாழ்ந்தால் தானாக நிறுத்திவிடும். பல டாங்கிப் போர்டுகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. டாங்கி மெதுவாக ஓடுவதால் பேட்டரி தளர்வதும் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் தனியாக இணைக்கும் பேலன்ஸ் பிளக்கில் ஒரு சிறு அலாரத்தை மாட்டி செல்லுக்கு 3.5 வோல்ட் என்று வையுங்கள்.

துப்பாக்கிப் பிடி ரிமோட் உதவாது. ஓட்டுவதற்கு இரண்டு சேனல், டரெட் (மேலே இருக்கும் பீரங்கிக் கூடு) சுழல ஒன்று, குழல் ஏறி இறங்க ஒன்று என்று குறைந்தது நான்கு வேண்டும். ஒலிக்கும் சுடுவதற்கும் சேர்த்து ஆறு இருந்தால் நிம்மதி. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரும் வேண்டாம்: ஊர்ந்து போகும் வேகத்தில் அது விக்கி விக்கித்தான் சுழலும். 380, 390 அளவு பிரஷ் மோட்டார்கள் இங்கே நன்றாகவே வேலை செய்யும்.

ஸ்க்ரூ டிரைவர்களும் வேறு. காரில் ஹெக்ஸ், டாங்கியில் பெரும்பாலும் பிலிப்ஸ், அதுவும் பிளாஸ்டிக்கில் நேரடியாக இறங்கும் ஸ்க்ரூ. மறுபடி முடுக்கும்போது முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். "டிக்" என்று பழைய புரியில் விழுந்ததும் வலப்பக்கம் திருப்புங்கள். நேராக முடுக்கினால் புதுப் புரி வெட்டும்; மூன்று நான்கு முறையில் ஓட்டை தளர்ந்து ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றும்.

ஓட்டும் முன் முதல் ஒரு மணி நேரம்

அடிப்பக்கத்தில் மரக்கட்டை வைத்து, டிராக் தரையைத் தொடாமல் டாங்கியைத் தூக்கி நிறுத்துங்கள். கால்வாசி த்ராட்டிலில் முன்னோக்கி ஐந்து நிமிடம், பின்னோக்கி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சீராக உறுமும் சத்தத்தில் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை "டக்" என்று கேட்டால் ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒரு இணைப்பில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். புது உலோக டிராக்கில் பெயின்ட் இணைப்புகளை ஒட்டவைத்திருக்கும். ஒவ்வொரு மூட்டையும் விரலால் மடக்கிப் பாருங்கள். விறைத்து நிற்கும் இணைப்புக்கு உலர் கிராஃபைட் தூள் போதும். எண்ணெய் போட்டால் அன்றைக்கு மட்டும் சுகமாக ஓடும். மறுநாள் மணலோடு சேர்ந்து அராவும் பசையாகிவிடும்.

பிறகு கீழே வைத்து ட்ரிம் (நேராக ஓட ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) பாருங்கள், டரெட்டை இரு பக்கமும் சுழற்றுங்கள். சில மாடல்களில் டரெட் முழுச் சுற்றும் சுழலாது, சுமார் 320 டிகிரியில் நின்றுவிடும். அங்கே கிளட்ச் "கடகட" என்று நழுவுவது பழுதல்ல. ஆனால் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் பழுதாகும்.

டிராக்

இந்தப் பொழுதுபோக்கின் பாதி வேலை இங்கேதான். இறுக்கமாக இருந்தால் மோட்டார் சூடாகும், தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள் தேயும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். தளர்ந்திருந்தால் திருப்பத்தில் கழன்றுவிடும். கார்க்காரர்கள் இயல்பாகச் செய்வது இறுக்கிவிடுவது. அது தவறு.

சமதளத்தில் வைத்து, மேல்பக்க ஓட்டத்தின் நடுவில் ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். பிளாஸ்டிக் டிராக் 3 முதல் 5 மி.மீ., உலோக டிராக் 5 முதல் 8 மி.மீ. இறங்கினால் ஓட்டத் தொடங்கலாம். டைகர், பாந்தர், டி-34 ஆகியவற்றில் மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. டிராக் தொய்ந்து சக்கரங்களின் தலையில் படுத்திருப்பதுதான் சரியான தோற்றமும்கூட. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரிசெய்வது ஐட்லரில். கால் சுற்று திருப்பி, பத்து அடி ஓட்டி, மறுபடி அழுத்திப் பாருங்கள். ஐட்லர் கடைசிவரை போயும் தொய்வு போகவில்லையென்றால் ஓர் இணைப்பை எடுக்க வேண்டும். பின்னின் ஒரு முனை தடித்திருந்தால் மெல்லிய முனையிலிருந்து தட்டி, தடித்த பக்கமாக வெளியே எடுங்கள். மறுபக்கமாகத் தட்டினால் இணைப்பு விரியும். ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கமும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

எங்கே கழலும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். டைகர், பாந்தர், ஷெர்மன் ஆகியவற்றில் இயக்கும் ஸ்ப்ராக்கெட் முன்னால். டி-34, லெப்பர்ட் 2, ஏப்ரம்ஸ் ஆகியவற்றில் பின்னால். ஸ்ப்ராக்கெட் முன்னால் இருக்கும் வண்டி முன்னோக்கிப் போகும்போது மேல் ஓட்டம் விறைப்பாக இழுபடும். பின்னோக்கிப் போனால் அந்தத் தொய்வெல்லாம் மேலே சேர்ந்து ஐட்லரைச் சுற்றும். அப்போது திரும்பினால் ஐட்லரில் கழலும். ஸ்ப்ராக்கெட் பின்னால் இருப்பதற்கு இது தலைகீழ்: முன்னோக்கிப் போய்த் திரும்பும்போது கவனம் வேண்டும். சுருக்கமாக, ஐட்லர் முன்னே செல்லும் திசையில் கூர்மையாகத் திரும்பாதீர்கள்.

கழன்ற மறுகணம் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு அடி நகர்த்திப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் டிராக் ஸ்ப்ராக்கெட்டுக்கும் அடிக்கூட்டுக்கும் நடுவில் ஆப்பாக இறங்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி ஏற்றவும் முயல வேண்டாம். கியர்பாக்ஸ் எளிதில் சுற்ற விடாது. ஒரு பின்னை உருவி, டிராக்கைப் பிரித்து, சக்கரங்களின்மேல் விரித்து, மறுபடி கோர்ப்பதுதான் வேகமான வழி. ஓட்டப் போகும்போது உதிரிப் பின்கள் நாலைந்து, ஒரு சிறு சுத்தியல், பின்னைத் தள்ள ஒரு மெல்லிய கம்பி ஆகியவை பையில் இருக்கட்டும்.

கட்டைவிரலுக்குப் பயிற்சி

கார் ஓட்டுபவரின் விரலுக்குத் தெரிந்தது இரண்டு நிலை: முழுதாக, அல்லது ஒன்றுமில்லை. அதை மாற்ற மூன்று பயிற்சிகள் போதும்.

முதலாவது, மேலே சொன்ன 3 மீட்டரை 9 நொடிக்குக் குறையாமல் கடப்பது. இடையில் நிற்கவும் கூடாது. இரண்டாவது, ஓடிக்கொண்டே திரும்புவது. ஒரு மீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டு, உள் டிராக் முழுதாக நிற்காமல் அதன்மேல் சுற்றி வாருங்கள். நின்று சுழல்வதைவிட இப்படி வளைந்து திரும்புவது கியருக்கு எத்தனையோ மடங்கு லேசானது. ஷெர்மனும் டி-34-உம் உண்மையிலேயே நின்ற இடத்தில் சுழல முடியாதவை. ஆக, வளைந்து திரும்பினால் கியரும் பிழைக்கும், பார்க்கவும் அசலாக இருக்கும். டைகர் சுழலும், என்றாலும் மொசைக் போன்ற வழுக்கும் தரையில் மட்டும் அதைச் செய்யுங்கள். தடித்த கம்பளத்திலும் ரப்பர் விரிப்பிலும் கூடவே கூடாது. கம்பள நூல் ஸ்ப்ராக்கெட் தண்டில் சுற்றிக்கொள்வது தனித் தொல்லை.

மூன்றாவது, திசை மாற்றம். முன்னோக்கி ஓடும் டாங்கியை உடனே பின்னோக்கித் தள்ளாதீர்கள். ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, மனதில் "ஒன்று, இரண்டு" எண்ணி, பிறகு தள்ளுங்கள். ஏழெட்டு கிலோ உலோக டாங்கியின் உந்தம் முழுவதும் அந்தச் சின்ன கியர் பல்லில்தான் இறங்குகிறது.

ஏற்றத்தில் நேராக ஏறுங்கள். சரிவின் நடுவில் திரும்பினால் கீழ்ப்பக்க டிராக் கழலும். புல் தரைச் சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் வேறு இடம் பாருங்கள். ஈரத்தில் வேண்டாம்: காரில் வருவது போல நீர் புகாத மின்சுற்று இங்கே பெரும்பாலும் இல்லை.

நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுத்தால்

உடனே ட்ரிம்மைத் தொடாதீர்கள். அது நோயை மறைக்கும். டாங்கியைக் கட்டைமேல் தூக்கி, இரு டிராக்கிலும் ஓர் இணைப்பில் சாக்பீஸால் குறி போட்டு, அரை த்ராட்டிலில் ஒரு பக்கம் பத்துச் சுற்று முடியும்போது மறுபக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். தூக்கிய நிலையில் சமமாக ஓடி, தரையில் மட்டும் இழுத்தால் குற்றவாளி டிராக்கின் இழுவிசை அல்லது இறுகிய ஒரு சக்கரம். தூக்கிய நிலையிலேயே வித்தியாசம் இருந்தால் டிராக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பின்தங்கினால் கியர்பாக்ஸ் காய்ந்திருக்கலாம், பினியன் அதிகம் நெருங்கியிருக்கலாம், அல்லது மோட்டார் தளர்ந்திருக்கலாம். காரில் செய்வது போலவே ஒரு மெல்லிய தாளைக் கியர்களுக்கிடையே விட்டு இடைவெளியைச் சரிசெய்யலாம். மோட்டாரை மாற்ற நேர்ந்தால் ஜோடியாக மாற்றுங்கள். இதெல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் சிறு இழுப்புக்குத்தான் ட்ரிம்.

போர்டுக்குப் பதில் சொந்த ஈஎஸ்சி

காரில் மீந்த இரண்டு பிரஷ் ஈஎஸ்சிகளை வைத்து ஓட்டலாம், மூன்று நிபந்தனைகளுடன். ஒன்று, பிரேக் இல்லாமல் நேரடியாக ரிவர்ஸ் போகும் கிராலர் முறை அதில் இருக்க வேண்டும். இருமுறை தள்ளினால்தான் ரிவர்ஸ் என்றால் திருப்பமே நடக்காது. இரண்டு, இரண்டிலும் ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் பெக் இருந்தால் ஒன்றின் சிவப்பு ஒயரைக் கழற்றி, முனையில் டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று, பேட்டரி தாழ்ந்தால் நிறுத்தும் வெட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் வராது. ஒரு பக்கம் முதலில் நின்றால் டாங்கி தானே சுழல ஆரம்பிக்கும். வெட்டை அணைத்துவிட்டு அலாரத்தை நம்புவது மேல். ரிமோட்டில் எலிவான் மிக்ஸ் (ஓட்டத்தையும் திருப்பத்தையும் கலந்து இரு மோட்டாருக்கும் கொடுக்கும் அமைப்பு) போட்டு, திருப்பத்தின் பங்கை 50 முதல் 60 சதவீதத்தில் தொடங்குங்கள். வேலை குறைய வேண்டுமென்றால் சேபர்டூத் 2x12 ஆர்சி போன்ற இரட்டை மோட்டார் டிரைவர் ஒன்றே போதும். கலவையையும் அதுவே செய்துவிடும்.

மோடு 2 (த்ராட்டில் இடது ஸ்டிக்கில் இருக்கும்) ரிமோட்டில் இடது ஸ்டிக் செங்குத்தாக நடுவுக்குத் திரும்பாது. ஆகவே ஓட்டுவதை வலது ஸ்டிக்கில் வைத்து, டரெட்டையும் குழலையும் இடதுக்குக் கொடுங்கள். குழல் செர்வோவில் இயங்கினால் விட்ட உயரத்தில் நிற்கும், அது வசதி. மோட்டாரில் இயங்கினால் ஸ்டிக்கை நடுவில் விடும்வரை ஏறிக்கொண்டே போகும். அப்போது இடது ஸ்டிக் நடுவுக்குத் திரும்ப ஸ்பிரிங் போட வேண்டும்.

புகை, குண்டு, அகச்சிவப்பு

புகை யூனிட்டில் அதற்கான எண்ணெயைச் சில சொட்டுகள் மட்டும் விடுங்கள். நிரப்பினால் புகைக்குப் பதில் எண்ணெய் துப்பும். வற்றிய நிலையில் ஓடவிட்டால் ஹீட்டர் எரிந்துவிடும். புகை வேண்டாத நாளில் அதன் பிளக்கையே உருவிவிடலாம்.

6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும் மாடல் என்றால் பார்ப்பவர்கள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நண்பர்களோடு மோதுவதற்கு அகச்சிவப்புதான் சரி: குழலிலிருந்து ஒளிச் சமிக்ஞை போகும், எதிரியின் டரெட் மேலுள்ள உணரி அதை வாங்கிச் சேதம் கணக்கிடும். கனரக டாங்கி என்று அமைத்தால் அதிக அடி தாங்கும், ஆனால் மறுபடி சுட நேரமெடுக்கும். இலகு டாங்கி இதற்கு நேர்மாறு. வெவ்வேறு பிராண்டுகள் ஒன்றையொன்று உணர, இரண்டு போர்டும் டாமியா முறைச் சமிக்ஞையைப் புரிந்துகொள்கின்றனவா என்று முன்பே பாருங்கள். உச்சி வெயிலில் உணரி தடுமாறும். மாலையிலோ நிழலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டி முடித்ததும்

பேட்டரியைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் லைப்போவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். டிராக்கைக் காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள், ஸ்ப்ராக்கெட் பின்னால் எட்டிப் பார்த்து நூல், முடி, கல் எடுங்கள். உலோக டிராக் நனைந்திருந்தால் அன்றே துடைத்து உலர்த்துங்கள், இல்லையென்றால் மறுநாள் பின்களில் துரு தெரியும். அலமாரியில் வைக்கும்போது அடிக்கூட்டுக்குக் கீழே கட்டை கொடுத்து நிறுத்தினால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள் வாரக்கணக்கில் எடையைச் சுமந்து தளராது.